காடாம்புலியூரில் ஏறி, சென்னைக்கு இறங்கும் தண்ணீர்

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் பேருந்து நகரைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறிவிடும். செக்கச் சிவந்த மண். இரண்டு பக்கமும் முந்திரித் தோப்புகள், நடுநடுவே பலா. சித்திரையில் தொடங்கி ஆடி வரைக்கும் இந்த வழியில் வருகிறவர்களுக்கு ஊர்ப் பலகை தேவையில்லை, பலாச்சுளை வாசனையே வழிகாட்டும். சாலையோரக் குடிசைக் கடைகளில் பழங்கள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும். "வாங்கண்ணே, சுளை சாப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் வாங்குங்க" என்று காரை மறிக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். 2025-ல் பண்ருட்டிப் பலாவுக்கும் முந்திரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டக்காரர்களைக் கேட்டால், குறியீடு இல்லாமலே தங்கள் பழம் எல்லோருக்கும் தெரியுமே என்பார்கள்.

இந்தச் சாலையில்தான் காடாம்புலியூர் இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் 'புலியூர்'களுக்குப் பஞ்சமில்லை. சிதம்பரத்தின் பழைய பெயர் பெரும்பற்றப்புலியூர், கடலூரில் திருப்பாதிரிப்புலியூர். அந்த இரண்டு புலியூர்களையும் தேடிப் பக்தர்கள் வருகிறார்கள். காடாம்புலியூருக்குப் பழத்துக்கும் முந்திரிப் பருப்புக்கும்தான் வருகிறார்கள். வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்கள் கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்திருக்கும். அந்தக் கறை சோப்புக்குப் போகாது.

இந்த ஊருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைப் பார்ப்பதற்காக யாரும் இங்கே இறங்குவதில்லை. சென்னையில் போரூரிலோ வளசரவாக்கத்திலோ ஒரு வீட்டில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு, இரண்டு மூன்று நாட்களுக்கு முன்னால் காடாம்புலியூரில் இருந்த தண்ணீர்.

வீராணம் ஏரித் தண்ணீர் சென்னைக்குப் போகும் பாதையில் மிக முக்கியமான திருப்பம் இங்கேதான். ஏரியின் வடகோடியில், சேத்தியாத்தோப்புக்கு அருகே பூதங்குடியில் தண்ணீரை எடுத்து, 1,775 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 20 கிலோமீட்டர் தள்ளி வடக்குத்துக்குக் கொண்டு வருகிறார்கள். அங்கே சுத்திகரிப்பு. பிறகு 1,750 மில்லிமீட்டர் குழாயில் இன்னும் 8 கிலோமீட்டர் ஏற்றம். ஏற்றம் முடிகிற இடம் காடாம்புலியூர். இங்கே ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் விழுகிறது. அதற்கப்புறம் மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. 1,875, 1,500 மில்லிமீட்டர் குழாய்களில் சுமார் 200 கிலோமீட்டர் தூரம் தன் எடையாலேயே சரிந்து போரூர் போய்ச் சேருகிறது.

பொறியாளர்கள் இதை அழுத்தம் தணிக்கும் தொட்டி என்கிறார்கள். வடக்குத்தில் திடீரென்று மின்சாரம் போய் பம்புகள் நின்றால், குழாய்க்குள் ஓடிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான டன் தண்ணீர் சட்டென்று நிற்க முடியாமல் முன்னும் பின்னும் அலைமோதும். வீட்டுக் குழாயைப் பட்டென்று மூடினால் சுவருக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அதன் ராட்சத வடிவம். அந்த அதிர்ச்சி காடாம்புலியூர்த் தொட்டியோடு அடங்கிவிடும், 200 கிலோமீட்டர் குழாய்க்குள் போகாது. சுற்று வட்டாரத்தில் இவ்வளவு மேடான இடம் இல்லாதிருந்தால் சென்னைக்கு வழிநெடுக இன்னும் பல பம்பு நிலையங்கள் தேவைப்பட்டிருக்கும். பலாவுக்குப் பிடித்த இந்தச் செம்மண் மேடு, தண்ணீரை இறக்கி விடுவதற்கும் வாகாக அமைந்துவிட்டது.

நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. 15 லிட்டர் குடத்தில் கணக்குப் போட்டால் 1 கோடியே 20 லட்சம் குடம். விநாடிக்கு 2,000 லிட்டருக்குச் சற்று மேல். இவ்வளவு தண்ணீரும் பெரிய குழாயில் விநாடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. மனிதர் நடக்கிற வேகம்கூட இல்லை. காடாம்புலியூரிலிருந்து நடந்தே புறப்படும் ஒருவர், இரவில் தூங்காமல் நடந்தால், தண்ணீருக்கு முன்பே போரூர் போய்விடலாம்.

குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஊரில் சாலையைக் காட்டுவார்கள். அதன் ஓரத்தில், மண்ணுக்கு அடியில். ஆங்காங்கே தலைநீட்டும் காற்றுப்போக்கி வால்வுகளும் சிமெண்ட் பெட்டிகளும்தான் அடையாளம். நல்ல உயரமுள்ள ஒருவர் சற்றே குனிந்தால் உள்ளே நடந்து போகலாம், அவ்வளவு அகலம். எஃகுத் தகட்டை உருட்டி, பற்றவைத்து, பள்ளத்தில் இறக்கி, ஒன்றோடொன்று வெல்டிங் செய்து மூடியிருக்கிறார்கள். ஆக, சேத்தியாத்தோப்பு முதல் போரூர் வரை பூமிக்குள் ஏறக்குறைய ஒரே துண்டாக ஒரு இரும்பு உடம்பு படுத்திருக்கிறது.

அது படுத்திருக்கும் மண் சும்மா இருப்பதில்லை.

பாதியில் நின்ற முதல் குழாய்

வீராணம் ஏரி பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், தக்கோலப் போரில் உயிர்விட்ட இளவரசன் ராஜாதித்தன் வெட்டியது என்பது வரலாறு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இந்த ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வரும். ஏரி நிரம்பினால் கொள்ளளவு 1.465 டி.எம்.சி. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்து வயல்களின் உயிர் இது.

இந்தத் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோகும் யோசனை 1960-களின் கடைசியிலேயே வந்துவிட்டது. அப்போது தேர்ந்தெடுத்தது முன்னழுத்தக் காங்கிரீட் குழாய்கள். திட்டம் பாதியில் நின்றது. ஊழல் புகார்கள் எழுந்து, சர்க்காரியா கமிஷன் விசாரணை வரைக்கும் போன கதையை அரசியல் மேடைகளில் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஆள் நுழையும் அளவுள்ள குழாய்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் வருடக்கணக்கில் கிடந்தன. வீடில்லாத குடும்பங்கள் அவற்றுக்குள் குடித்தனம் நடத்தின. தண்ணீர் ஓட வேண்டிய குழாயில் அடுப்பு எரிந்தது.

மறுபடியும் திட்டத்துக்கு உயிர் வந்தது 2003-ன் கடும் வறட்சியில். சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரிகளை நம்பி நகரம் நின்ற சமயம். புதிய வீராணம் திட்டம் என்ற பெயரில் வேகவேகமாகக் குழாய் பதித்து 2004-ல் தண்ணீர் விட்டார்கள். இந்தமுறை எஃகுக் குழாய். 2019-ல் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வற்றிய கோடையில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளோடு சேர்ந்து நகரத்தைத் தாங்கியது இந்த ஒற்றைக் குழாய்தான்.

எஃகு ஏன்? அழுத்தத்தைத் தாங்கும், சீக்கிரம் பதிக்கலாம் என்ற காரணங்களோடு இன்னொன்றும் உண்டு. எஃகு வளையும். காங்கிரீட்டோ பழைய வார்ப்பிரும்போ மண் கொஞ்சம் அசைந்தால் 'படக்' என்று விரிசல் விட்டுவிடும். சாதாரணக் கட்டுமான எஃகு ஆயிரத்தில் ஒரு பங்கு நீட்சி வரை ரப்பர் போலத் திரும்பி வரும். அதற்கு மேல் இழுத்தால் திரும்பாது, ஆனால் உடனே அறுந்தும் போகாது. நூற்றுக்கு இருபது பங்குவரை நீண்ட பிறகே அறுபடும். மண்ணுக்கு அடியில் படுப்பவருக்கு இந்தப் பொறுமை அவசியம்.

பொறுமைக்கும் எல்லை உண்டு. தகடு தாங்கினாலும் வெல்டிங் செய்த இடம் தாங்க வேண்டும். அவசரத்தில் சரியாக ஒட்டாத ஒரு விரல்கடை நீளம் போதும். இழுவை வரும்போது அது அங்கேதான் முதலில் திறக்கும்.

களியும் செம்மண்ணும்

பூதங்குடியிலிருந்து காடாம்புலியூர் வரைக்குமான முதல் 28 கிலோமீட்டரை மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தால் மண் எத்தனை விதமாக அசையும் என்பதற்கு ஒரு பாடமே கிடைத்துவிடும். அடுத்த 200 கிலோமீட்டரில் ஆறுகளைத் தவிர இவ்வளவு சுவாரஸ்யம் இல்லை.

சேத்தியாத்தோப்புப் பக்கம் டெல்டாவின் வால்பகுதி. நெல் வயல், களிமண். கோடையில் இந்த வயல்களில் கால்விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். மழை பெய்தால் ஊறி, உப்பி, வெடிப்பு மூடிக்கொள்ளும். களிமண் மாவு மாதிரி: தண்ணீர் குடித்தால் பெருக்கும், காய்ந்தால் சுருங்கும். வருடம் தவறாமல் இந்த மூச்சு நடக்கிறது. அதில் புதைந்திருக்கும் குழாயும் மழைக்கு மேலே, வெயிலுக்குக் கீழே என்று மில்லிமீட்டர் கணக்கில் அசைந்துகொண்டிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு அசைந்தால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் ஒரு வயலில் தண்ணீர் நிற்கும், அடுத்த வயல் தரிசாகக் காயும். ஓரிடத்தில் ஈரம் உறிஞ்சும் மரம் நிற்கும், பக்கத்தில் வாய்க்கால் ஓடும். சிரமம் வருவது இந்த வித்தியாசத்தால்தான்.

இதை ஒரு கணக்கில் பார்க்கலாம். குழாய்க்கு அடியில் மண் 10 சென்டிமீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கம் 50 மீட்டர் தூரத்தில் மெல்ல மெல்ல நடந்தால், ஆளுயர விட்டமுள்ள எஃகுக் குழாய் அதைப் பொருட்படுத்தவே செய்யாது. அதே 10 சென்டிமீட்டர் 5 மீட்டருக்குள் நடந்தால் வளைவு 100 மடங்கு கூர்மையாகிவிடும். அப்போது மேல்பக்கமோ கீழ்ப்பக்கமோ தகடு கசங்கி மடிப்பு விழும். பேப்பர் கப்பை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தால் ஒரு பக்கம் சுருக்கம் விழுகிறதே, அப்படி. இறக்கத்தின் அளவைவிட, அது எவ்வளவு சின்ன இடத்தில் நடக்கிறது என்பதே குழாயின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

அதனால்தான் குழாய்க்காரர்கள் நடு வயலைவிட விளிம்புகளைக் கண்டு அதிகம் பயப்படுவார்கள். பம்பு நிலையத்தின் சுவரைக் குழாய் துளைத்து வெளியே வரும் இடம், பாலத்தில் ஏறும் இடம், காங்கிரீட் கட்டையில் இறுக்கிப் பிடித்திருக்கும் திருப்பம். கட்டடம் ஆழமான அஸ்திவாரத்தில் அசையாமல் நிற்கும். வெளியே கொட்டி மூடிய மண் இரண்டு மழைக்காலத்தில் இறுகி இறங்கும். குழாய்க்கு ஒரு கால் திண்ணையில், ஒரு கால் தெருவில். காடாம்புலியூர்த் தொட்டியும் இப்படிப்பட்ட இடம்தான். ஒரு பக்கம் ஏறி வரும் குழாய், மறுபக்கம் இறங்கிப் போகும் குழாய், நடுவில் காங்கிரீட். இம்மாதிரி இடங்களில் கொஞ்சம் அசைய இடம் கொடுக்கும் இணைப்புகள் வைப்பது வழக்கம்.

திருப்பங்களில் கட்டை எதற்கு என்ற கேள்விக்கு இன்னொரு கணக்கு. 1,750 மில்லிமீட்டர் குழாயின் வாய்ப் பரப்பு 2.4 சதுர மீட்டர். உள்ளே 50 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஈடான அழுத்தம் இருந்தால், குழாயை அதன் போக்கில் தள்ளும் விசை 120 டன். முழுத் திருப்பம் என்றால் ஏறத்தாழ 170 டன், எப்போதும் ஒரே திசையில். பின்னாலிருக்கும் மண் அதற்கு முதுகு கொடுக்க வேண்டும். மழையில் ஊறி அந்த மண் இளகினாலோ, பக்கத்தில் யாராவது பள்ளம் தோண்டினாலோ கட்டை நகரும். கட்டை நகர்ந்தால் மூட்டு பிரியும்.

வடலூரைத் தாண்டி வடக்கே வர வர களி போய் மணல் கலந்த செம்மண் வருகிறது. புவியியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று பெயர் வைத்திருப்பது இந்தப் படிவத்துக்குத்தான். இதே படிவத்தில்தான் புதுச்சேரிக்கு அருகே திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. செம்மண் உப்பிச் சுருங்காது, அந்த வகையில் குழாய்க்கு நல்ல படுக்கை. அதன் பலவீனம் வேறு: அரிப்பு. பெருமழையில் செம்மண் சரிவுகளில் தண்ணீர் ஓடைகளை வெட்டிக்கொண்டு போகும். 2015 நவம்பரில் பண்ருட்டிக்கு அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் காட்டாற்று வெள்ளம் சில நிமிடங்களில் வீடுகளை அடித்துக்கொண்டு போய்ப் பல உயிர்களைக் குடித்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. வீட்டையே பெயர்க்கும் ஓடைக்குக் குழாய்மேல் போட்ட ஒன்றிரண்டு மீட்டர் மண் எம்மாத்திரம்?

மண் போனால் குழாய் தொங்கும். மண் போகாமல் சேறாக ஊறினாலும் ஆபத்து உண்டு, அதுவும் குழாய் காலியாக இருந்தால். ஒரு மீட்டர் நீளக் குழாய் சேற்றில் 2.4 டன் தண்ணீரை ஒதுக்குகிறது. தகடு பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கனம் என்றால் அந்த நீளத்துக்கு எஃகின் எடை அரை டன்தான். பாக்கி கிட்டத்தட்ட 2 டன் மேல்நோக்கித் தள்ளும். மேலே மூடிய மண் அமுக்கிப் பிடிக்காவிட்டால் குழாய் படகு மாதிரி மிதந்து எழும்பும். அதனால் மழைக்காலத்தில் பழுது பார்ப்பதற்காகத் தண்ணீரை வடிப்பது சாதாரண வேலை அல்ல. உள்ளே தண்ணீர் இருப்பதே குழாய்க்கு நங்கூரம்.

நெய்வேலியின் அடித்தண்ணீர்

வடக்குத்தில் நின்றால் நெய்வேலி கூப்பிடு தூரம். தொடுவானத்தில் மண்மலைகள். சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மேல்மண். 1956-ல் நிறுவனம் தொடங்கி, 1961-ல் பழுப்பு நிலக்கரியைத் தொட்டார்கள். தொடுவதற்கு முன் அவர்களை மிகவும் பாடாய்ப்படுத்தியது தண்ணீர். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு ஒரு நீர்த்தாங்கி இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்ற அழுத்தம். அதாவது 60, 80 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணின் கனம் கீழிருந்து மேலே தள்ளுகிறது. மேல்மண்ணை எடுத்துவிட்டால் சுரங்கத் தரையே வெடித்துக்கொண்டு எழும்பிவிடும். ஆகவே சுற்றிலும் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டேதான் வெட்டுகிறார்கள்.

அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்தில் பல இடங்களில் துளை போட்டால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் பீறிட்டு வரும். 'ஊற்றுக்குழாய்' பார்த்து வளர்ந்த தலைமுறையினர் இன்னும் இருக்கிறார்கள். இன்று பல நூறு அடிக்குப் போட்டாலும் மோட்டார் வேண்டும். விவசாயிகள் சுரங்கத்தின் மேல் வைக்கும் குறைகளில் நிலம் பறிபோவதற்கு அடுத்தபடி இதுதான்.

நிலத்தடி நீர் இறங்குவதற்கும் குழாய்க்கும் என்ன தொடர்பு? மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர், தூண் மாதிரி ஒரு பங்குச் சுமையைத் தாங்குகிறது. அதை இறைத்துவிட்டால் அந்தச் சுமையும் மண் துகள்கள்மேல் ஏறும். மண் இறுகும், மேல்தரை இறங்கும். மணல் அதிகம் இறுகாது, தண்ணீர் திரும்பினால் ஓரளவு மீளும். களிப்படுகை மெதுவாக, ஆண்டுக்கணக்கில் இறுகும், மீளாது. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் விவசாயத்துக்காக இறைத்து இறைத்து, 1925-க்கும் 1977-க்கும் இடையில் ஓரிடத்தில் தரை சுமார் 9 மீட்டர் இறங்கியது. பழைய தரைமட்டங்களை ஆண்டு எழுதி ஒரு மின்கம்பத்தில் குறித்து, அதன் அடியில் விஞ்ஞானி ஒருவர் நிற்கும் படம் உலகப் பிரசித்தம். மெக்சிகோ நகரம் பழைய ஏரிக் களிமண்மேல் அமர்ந்து, அடியிலிருந்து இறைத்துக் குடித்து, வருடா வருடம் அமிழ்கிறது. அங்கே குடிநீர்க் குழாய்கள் ஓயாமல் உடைந்து கசிவதற்கு அந்த அமிழ்வு ஒரு முக்கியக் காரணம்.

கடலூர் மணற்கல்லில் மணல் மிகுதி என்பது காடாம்புலியூருக்கு ஓர் அனுகூலம். மண் மணலிலிருந்து களிக்கு மாறுகிற இடமும், வெட்டிய சுரங்கக் குழியின் விளிம்பும் கவனிக்க வேண்டியவை. ஏனென்றால் பழைய கதைதான்: ஒருபக்கம் இறங்கி மறுபக்கம் நிற்கும் இடத்தில்தான் வளைவு கூர்மையாகும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 2017 வறட்சியில் வீராணம் வற்றியபோது, நெய்வேலிச் சுரங்கத்தில் இறைத்த தண்ணீரையே சுத்திகரித்து இந்தக் குழாயில் சென்னைக்கு விட்டார்கள். குழாய்ப் பாதையை ஒட்டி ஆழ்குழாய்க் கிணறுகளும் உண்டு. குழாய்க்கு அடியில் இருக்கும் மண்ணின் தண்ணீர், குழாய்க்குள் ஏறிப் பயணப்பட்டது. தங்கள் கிணறு இறங்க இறங்க, தங்கள் ஊர்த் தண்ணீர் வேறு ஊருக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க எவருக்குத்தான் மனம் வரும்? இந்த வட்டாரத்து ஜனங்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வால்வில் கசியும் தண்ணீரைக் குடத்தில் பிடிப்பவர்களைத் திருட்டு என்று சொல்வதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும்.

இரும்பு நீளும், மண் பிடிக்கும்

மண் மட்டும் அசைவதில்லை, குழாயும் அசைய ஆசைப்படும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஒரு கிலோமீட்டர் எஃகு 12 சென்டிமீட்டர் நீளும். காடாம்புலியூர்–போரூர் 200 கிலோமீட்டரும் கட்டில்லாமல் வெயிலில் கிடந்தால் 24 மீட்டர் நீண்டிருக்கும்! மண் அதை இறுக அணைத்துப் பிடித்திருப்பதால் நீள முடியாமல் தகட்டுக்குள் விறைப்பாக அது அடங்கிக் கிடக்கிறது. ஓரிடத்தில் பழுதுக்காகத் தோண்டி மண்ணை விலக்கினால் அந்த அணைப்புத் தளர்ந்து குழாய் விலகிக் கொடுக்கலாம். அனுபவமுள்ள மேஸ்திரிகள் அதனால்தான் நீளமாகத் தோண்ட விடமாட்டார்கள், வெல்டிங்கையும் வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள்.

பக்கவாட்டு மண்ணும் முக்கியம். இவ்வளவு பெரிய மெல்லிய குழாய் மேல்மண்ணின் கனத்தில் சற்றே நசுங்கி முட்டை வடிவமாகப் பார்க்கும். பக்கத்தில் நன்றாகத் திமிசு போட்ட மணல் அதைத் தாங்கி வட்டமாக வைத்திருக்கும். குழாயின் பலத்தில் பாதி அதன் தோளில் இருக்கும் மண்ணின் பலம். நசுங்கல் விட்டத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத் தாண்டினால் இத்தகைய குழாய்களின் உட்பக்கம் பூசும் சிமெண்ட் சாந்து வெடிக்கத் தொடங்கும். பிறகு அந்த வெடிப்பில் துரு குடியேறும். ஒருநாள் மண் அசைந்து உண்டாக்கிய கீறலைப் பத்து வருடம் கழித்துத் துரு ஓட்டையாக்கும். செய்தியில் 'துருப்பிடித்து உடைப்பு' என்று வரும்.

நிலநடுக்கம்? 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் ஒன்று வந்து, சென்னை வரை உலுக்கியது. இந்தக் குழாய் அப்போது பிறக்கவில்லை. இதே பருமனுள்ள எஃகுக் குழாய் பெரிய நிலநடுக்கத்தில் என்ன ஆகும் என்பதற்குத் துருக்கியில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1999 ஆகஸ்ட் 17 நிலநடுக்கத்தில் பூமிப் பிளவு 2.2 மீட்டர் விட்டமுள்ள ஒரு குடிநீர்க் குழாயைக் குறுக்கே வெட்டி, இரண்டு பக்க நிலத்தையும் சுமார் 3 மீட்டர் விலக்கியது. குழாய் இரண்டாக அறுபடவில்லை. பிளவை ஒட்டிச் சில இடங்களில் மடிந்து, கசங்கி, ஒழுகியது. அதே இடத்தில் காங்கிரீட் குழாய் இருந்திருந்தால் துண்டு துண்டாகத்தான் பொறுக்கியிருக்க முடியும்.

கடலூர் மாவட்டத்துக்கு வழக்கமாக வரும் விருந்தாளி புயல்தான். 2011 டிசம்பர் 30 அதிகாலை வந்த தானே புயல், காடாம்புலியூர் சுற்று வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. மரம் சாயும்போது வேர்க்கட்டு ஒரு அறை அளவு மண்ணையும் பெயர்த்துக்கொண்டு எழும். சின்னக் குழாய்களை வேர் தூக்கிவிடும். பெரிய குழாய்க்குப் பக்கத்தில் மரம் வைக்க விடாததற்கு இது ஒரு காரணம். இன்று சாலையோரக் கடைகளில் அடுக்கியிருக்கும் பழங்களில் பல, அந்தப் புயலுக்குப் பிறகு நட்ட கன்றுகளின் பழங்கள்.

காடாம்புலியூரைத் தாண்டிக் குழாய் வடக்கே இறங்குகிறது. கெடிலம், தென்பெண்ணை, கடைசியில் பாலாறு. மணல் ஆறுகளில் வெள்ளம் வரும்போது படுகை மணலே பல அடி ஆழத்துக்குக் கலங்கி ஓடும். மனிதர்கள் அள்ளிய மணலின் பள்ளம் அதோடு சேர்ந்துகொள்ளும். ஆற்றைக் கடக்கும் குழாய்க்கு அடுத்த கரை தெரியாத பயம் இதுதான்.

ஆனால் இப்போது காடாம்புலியூரில் மண்ணை அசைப்பது மழையோ புயலோ இல்லை. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையை நான்கு வழியாக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்துவருகிறது. ஒரு காலத்தில் சாலையோர ஓரமாக இருந்த இடம் இன்று சாலையின் நடு. தோள் மண்ணைக் கிளறும் ஜேசிபி, மேலே கொட்டும் புதுக் கிராவல், அதிர்வு உருளை, கல் ஏற்றிய டாரஸ் லாரிகள். ஒரு மீட்டர் உயரம் மண் கூடினால் சதுர மீட்டருக்கு 1.8 டன் சுமை கூடுகிறது. உலகம் முழுக்கப் புதைகுழாய்களின் முதன்மையான எதிரிகளில் ஒன்று, பக்கத்தில் தோண்டுகிற இயந்திரம்தான். இயற்கையின் அசைவுக்கு மாதக்கணக்கு, வருடக்கணக்கு. ஜேசிபியின் பல்லுக்கு அரை நிமிடம்.

உடைப்பு ஏற்பட்டால் முதலில் தெரிவது சாலையோரத்தில் செம்மண் கலந்து பீறிடும் நீரூற்று. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், முந்திரித் தோப்புக்காரருக்கு வயிற்றெரிச்சல். காடாம்புலியூரில் வால்வை மூடுவார்கள். இரண்டு வால்வுகளுக்கு நடுவிலிருக்கும் தண்ணீர் வடிய வேண்டும். பிறகு ஆள் இறங்கும் துளை வழியாக வெல்டர்கள் உள்ளே போய், குனிந்தபடி, புழுக்கத்தில், மின்விசிறிக் காற்றை நம்பித் தகட்டை ஒட்டுவார்கள். சென்னையில் அன்று சில பகுதிகளில் குடிநீர் நிறுத்தம் என்று ஒரு அறிவிப்பு வரும். வேலை முடிந்து வால்வைத் திறந்த பிறகும், காற்று வெளியேற நேரம் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறப்பார்கள்.